பாலைவனத்தில் பழகிப்போன மன்னா

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: விடுதலைப் பயணம் 16: 2-4, 12-15, எபேசியர் 4: 17, 20-24, யோவான் 6: 24-35)



இன்றைய முதல் வாசகத்தில் இஸ்ரயேல் மக்கள் முணுமுணுக்கிறார்கள். எகிப்தை விட்டுப் புறப்பட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எகிப்து அவர்களுக்கு இனிப்பாகிவிட்டது. அங்கே இறைச்சிப் பாத்திரத்தின் அருகே அமர்ந்து வயிறார உண்டோமே என்று மோசேயிடமும் ஆரோனிடமும் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

அதே விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தையும் ஐந்தாம் அதிகாரத்தையும் திருப்பிப் பார்த்தால் அந்த எகிப்து எப்படிப்பட்டது என்று தெரியும். அங்கே அவர்கள் அடிமைகள். செங்கல் அறுக்க வைக்கோல் தருவதை நிறுத்தினார்கள்; ஆனால் செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. பிறந்த ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்னார்கள். இத்தனையும் ஒரு மாதத்தில் மறந்துபோய், இறைச்சிப் பாத்திரம் மட்டும் நினைவில் நின்றது.

ஆண்டவர் மன்னாவைப் பொழிகிறார். அதன் சுவை தேன் கலந்த பணியாரம் போல் இருந்ததாக அதே அதிகாரம் சொல்கிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து என்ன நடந்தது? எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரம் சொல்கிறது: மன்னாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையே என்று அழுதார்கள். எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஏங்கினார்கள். இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். கானான் நாட்டைப் பார்த்துவரச் சென்றவர்களில் பெரும்பாலோர், அங்கே அரக்கர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முன் நாம் வெட்டுக்கிளிகள் போல் இருக்கிறோம் என்று நடுங்கினார்கள்.

ஒரே மக்கள் மூன்று கணக்குகளைத் தவறாகப் போட்டார்கள். கடந்த காலத்தை இருந்ததைவிட இனிமையாக நினைத்தார்கள். கையில் இருந்த கொடை பழகிப்போனதும் அதைக் கசப்பாக எண்ணினார்கள். வரப்போகும் மாற்றத்தை, அது இருப்பதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்தார்கள். இந்த மூன்று தவறுகளையும் நாமும் செய்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து சைக்கிளிலும் கம்பெனி பஸ்ஸிலும் வீடு திரும்பும் நம் குடும்பங்களிலும், பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் திருவள்ளூரிலும் கடன் வாங்கி வீடு கட்டும் நம் குடும்பங்களிலும் இது தினமும் நடக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளாக மனநல அறிஞர்கள் இந்தத் தவறை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதை இறைவார்த்தையின் அருகில் வைத்து இன்று சிந்திப்போம்.

கிடைத்தால் போதும் என்ற கணக்கு

நம் மாநிலத்தில் 1968ஆம் ஆண்டு அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு தொடக்கத்தில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட அந்த 35 ஆண்டுகளில், ஒரு சீட்டு விழுந்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நம்பி, அன்றாடக் கூலியில் ஒரு பங்கை அதற்கே கொடுத்த வீடுகள் எத்தனையோ. பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும்.

சீட்டு விழுந்தவர்கள் உண்மையில் எப்படி இருக்கிறார்கள்? பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்கள் இருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை பேசப்படுகிறது. இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், அதே பகுதியில் பரிசு எதுவும் பெறாத 22 பேரையும், விபத்தில் கை கால் செயலிழந்த 29 பேரையும் அவர்கள் சந்தித்தார்கள். இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டு, பூஜ்யம் முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள்.

பரிசு பெற்றவர்களின் சராசரி 4. பெறாதவர்களின் சராசரி 3.82. இந்த வேறுபாடு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. அடுத்ததுதான் கவனிக்க வேண்டியது. நண்பரோடு பேசுவது, காலை உணவு, ஒரு நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பது போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில், பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். பெரிய இன்பம் ஒன்று வந்து, சின்ன இன்பங்களின் சுவையைக் குறைத்துவிட்டது.

விபத்தில் சிக்கியவர்களும் மற்றவர்களைப் போலவே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று சிலர் இந்த ஆய்வைத் தவறாகச் சொல்வதுண்டு. அவர்களின் சராசரி 2.96. அது குறைவுதான். ஆனாலும் நாம் கற்பனை செய்யும் அளவுக்கு அது கீழே போகவில்லை. நடுப்புள்ளிக்கு மேலேயே நின்றது.

பணத்தால் ஒன்றுமே ஆகாது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. சுவீடன் நாட்டில் லாட்டரி வென்றவர்களைப் பற்றி 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பெருந்தொகை வென்றவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை குறித்த மனநிறைவு பத்து ஆண்டுகளுக்கு மேலும் கூடுதலாகவே இருந்தது என்று கண்டது. அன்றாட மகிழ்ச்சியில் ஏற்பட்ட மாற்றமோ அதைவிட மிகச் சிறியது. மாதக் கடைசியில் மருந்துக்குப் பணம் இல்லாத வீட்டுக்குப் பணம் நிம்மதி தரும். அது நமக்குத் தெரியும். இங்கே நாம் பேசுவது வேறு: இது கிடைத்தால் போதும், பிறகு எனக்கு எந்தக் குறையும் இராது என்று மனம் போடும் கணக்கைப் பற்றி.

கான்ட்ராக்டில் இருப்பவர் பெர்மனென்ட் ஆகிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார். பெர்மனென்ட் ஆனவர் சூப்பர்வைசர் ஆகிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார். பழைய வண்டி வைத்திருப்பவர் தவணையில் புது வண்டி எடுக்கிறார். புது வண்டியின் மகிழ்ச்சி ஆறு மாதத்தில் அடங்கிவிடும். தவணையோ முப்பத்தாறு மாதம் ஓடும். மன்னா அன்று தேனாய் இனித்தது. அடுத்த ஆண்டில் தொண்டையில் இறங்கவில்லை. மன்னா மாறவில்லை. உண்ட நாக்குதான் மாறியது.

இது போனால் வாழ்வே இல்லை என்ற கணக்கு

இன்பத்தில் நடக்கும் இதே தவறு துன்பத்திலும் நடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளம் ஆசிரியர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பணி நிரந்தரம் வழங்குவார்கள், அல்லது மறுப்பார்கள். மறுக்கப்பட்டால் அங்கிருந்து போக வேண்டியதுதான். நம் தொழிற்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதன் வலி தெரியும். டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் என்ற உளவியலாளர்களும் அவர்களின் குழுவினரும், முடிவுக்காகக் காத்திருந்த ஆசிரியர்களிடம், நிரந்தரம் கிடைக்காவிட்டால் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார்கள். பல ஆண்டுகள் துயரத்தில் இருப்போம் என்றார்கள். ஏற்கெனவே நிரந்தரம் மறுக்கப்பட்டவர்களையும் அந்தக் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்கள் நிரந்தரம் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மகிழ்ச்சி குன்றியவர்களாக இல்லை. இந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது.

ஏன் இப்படித் தவறாகக் கணக்கிடுகிறோம்? அறிஞர்கள் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போது மாறப்போகும் அந்த ஒன்றை மட்டுமே பார்க்கிறோம். மற்றதெல்லாம் கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது. பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசை 2002இல் பெற்ற டேனியல் கானமன், டேவிட் ஷ்கேட் என்பவரோடு சேர்ந்து இதை அழகாகக் காட்டினார். அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடுங்குளிரில் வாழும் மாணவர்களிடமும், இதமான தட்பவெப்பம் கொண்ட கலிபோர்னியா மாணவர்களிடமும் ஏறக்குறைய 2,000 பேரைக் கேட்டார்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்கள்தாம் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு தரப்பாரும் சொன்னார்கள். ஆனால் அவரவர் தங்கள் வாழ்வுக்குப் போட்ட மதிப்பெண்ணில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இல்லை. வெயிலும் குளிரும் ஒரு நாளின் சிறு பகுதிதான். படிப்பு, நட்பு, குடும்பம், உடல்நலம் எல்லாம் எங்கும் கூடவே வருகின்றன. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகப்போகிற ஒரு தம்பி சம்பளத்தைக் கற்பனை செய்கிறார். எட்டுப் பேர் தங்கும் அறையையும், பிள்ளையின் பிறந்தநாளைப் போனில் பார்க்கும் மாலையையும் அந்தக் கற்பனை காட்டுவதில்லை.

இரண்டாவது காரணம், நம் மனத்துக்குள் இறைவன் வைத்திருக்கும் ஆற்றலை நாம் மறந்துவிடுகிறோம். உடலில் காயம் பட்டால் அதை ஆற்றும் சக்தி உடலுக்குள்ளேயே இருக்கிறது. மனத்திலும் அப்படி ஒன்று உண்டு என்று கில்பர்ட்டும் வில்சனும் சொல்கிறார்கள். இழந்ததற்குப் புதிய பொருள் தேடவும், இருப்பதைக் கொண்டு எழுந்து நிற்கவும் அந்த ஆற்றல் உதவுகிறது. ஆனால் அது அமைதியாக வேலை செய்வதால், வரப்போகும் துன்பத்தை எண்ணும்போது அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இது வெறும் அறிவுக்கான செய்தி அன்று. உயிரைக் காக்கும் செய்தி. தேர்வு முடிவுகள் வெளியாகும் மே, ஜூன் மாதங்களில் நாம் கேட்கும் துயரச் செய்திகளை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் போன அந்த இரவில், வேலை போன அந்த வாரத்தில், கடன்காரர் வாசலில் நின்ற அந்த நாளில், மனம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வலிக்கிறது என்பது ஒன்று. அது உண்மை, அதை யாரும் மறுக்கக் கூடாது. இந்த வலி இப்படியே என்றென்றும் இருக்கும் என்பது மற்றொன்று. அந்த இரண்டாவது செய்திதான் தவறு. எத்தனை நாள் வலிக்கும் என்று கணிப்பதில் மனித மனம் மிகவும் பலவீனமானது. ஆகவே அந்த இருளில் இருப்பவர்களைத் தனியே விடாதீர்கள். அருகில் அமருங்கள். பேசவிடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் இலவச எண் இரவும் பகலும் இயங்குகிறது; அதைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

எல்லாம் பழகிப்போகும் என்று சொல்லலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மனிதர் எதற்கும் பழகிக்கொள்வார் என்று தொடங்கினால், ஏழைகள் எதையும் தாங்கிக்கொள்வார்கள் என்று முடிக்க வசதியுள்ளவர்களுக்கு ஆசை வரும். பார்வோனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ரிச்சர்ட் லூகாஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், ஜெர்மனியில் ஏறக்குறைய 24,000 பேரிடம் 15 ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட தகவல்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். வேலை இழந்தவர்களின் மனநிறைவு சரிந்தது. மறுபடி வேலை கிடைத்த பிறகும் அது பழைய நிலைக்கு முழுவதுமாகத் திரும்பவில்லை. அந்த அடி ஒரு தழும்பை விட்டுச் சென்றது. பதவி உயர்வு கிடைக்காத வலி ஆறிவிடலாம். வேலையே இல்லாத வலி அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. ஊதியம் மட்டும் போனால் பரவாயில்லை. காலையில் எழுந்து போக ஓர் இடமும், நான்கு பேர் மத்தியில் மதிப்பும் சேர்ந்தே போகின்றன.

நமக்கு அருகிலேயே இது நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும், பலர் தம் வீட்டின் முதல் மாதச் சம்பளக்காரர்களாக, அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. ஒன்பதே ஆண்டுகளுக்குள் வந்து போன வேலை அது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று அப்படிப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது எளிது. வேறு வேலைக்கு வழிகாட்டுவது, கடன் தவணைக்கு அவகாசம் வாங்கித் தருவது, அன்பியக் கூட்டத்தில் அவர் முகம் தொங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

பழகாத இன்னொன்று தினசரிப் பயணம். ஜெர்மனியின் தகவல்களைக் கொண்டு அலாய்ஸ் ஸ்டட்ஸர், புருனோ ஃபிரை என்ற பொருளியலாளர்கள் 2008இல் எழுதினார்கள்: வேலைக்குப் போகும் பயணம் நீள நீள, வாழ்வில் மனநிறைவு குறைகிறது. கூடுதல் சம்பளமும் மலிவான வீடும் அதை முழுவதும் ஈடுசெய்வதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை சுமார் 50 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே தள்ளி மனை வாங்கும்போது சதுர அடியைக் கணக்கிடுகிறோம். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்போமா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்காகத் தமிழகம் எங்கும் அமைந்த முகாம்களுள் அதுவும் ஒன்று. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்தவர்கள், இங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், திருமணம் முடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், செபிக்கிறார்கள். மனித மனத்தின் ஆற்றலுக்கு இது சான்று. அதனால் அவர்களுக்கு எல்லாம் பழகிவிட்டது, வேறு என்ன தேவை என்று கேட்கலாமா? 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயரோடு வாழ்வும் மாற வேண்டும் என்று கேட்பது நீதி. ஒருவர் தாங்கிக்கொள்கிறார் என்பதாலேயே அவருடைய சுமை நியாயமாகிவிடாது. மன்னாவைக் கொடுத்த அதே கடவுள்தான் முதலில் அடிமைத்தளையை உடைத்தார்.

மாறிக்கொண்டே இருக்கும் நாம்

இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் எபேசு நகர மக்களிடம், பழைய இயல்பைக் களைந்துவிட்டுப் புதிய மனிதருக்குரிய இயல்பை அணிந்துகொள்ளுங்கள் என்கிறார். நான் இப்படித்தான், என்னை மாற்ற முடியாது என்று நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? குடிப்பழக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். பத்து ஆண்டுகளாக அண்ணனோடு பேசாத தம்பி சொல்கிறார்.

ஜோர்டி குவாட்பாக் என்பவர் கில்பர்ட், வில்சன் ஆகியோரோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் குணமும் விருப்பங்களும் எவ்வளவு மாறின என்று கேட்டபோது, நிறைய மாறின என்றார்கள். வரும் பத்து ஆண்டுகளில் எவ்வளவு மாறும் என்று கேட்டபோது, அதிகம் மாறாது என்றார்கள். இளையோர், நடுவயதினர், முதியோர் எல்லாருமே இப்படித்தான் எண்ணினார்கள். இதுவரை மாறிவந்தவர்கள், இன்றோடு தாங்கள் முழுமையாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மனம் திரும்புதல் என்று திருச்சபை சொல்வதற்கு இந்த எண்ணமே பெரிய தடை. நம் மகனையும் மருமகளையும், இவர்கள் இப்படித்தான் என்று முத்திரை குத்துவதற்கும் இதுவே காரணம். கடவுளோ முடிந்துபோனவர்களாக நம்மைப் பார்ப்பதில்லை. வழியில் நடந்துகொண்டிருப்பவர்களாகவே பார்க்கிறார்.

புனித இஞ்ஞாசியார் கண்ட வழி

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம் படுக்கையில் கிடந்து இதைக் கண்டுபிடித்தார். 1521ஆம் ஆண்டு மே மாதம் பாம்பலோனா கோட்டைப் போரில், பீரங்கிக் குண்டு இஞ்ஞாசியாரின் காலை உடைத்தது. லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தபோது அவர் இரண்டு வகைக் கனவுகளில் மூழ்குவார். ஒன்று, போர்வீரராய்ப் புகழடைந்து ஓர் உயர்குலப் பெண்ணின் மதிப்பைப் பெறுவது. மற்றொன்று, புனிதர்களைப் போல் வெறுங்காலோடு எருசலேம் செல்வது. எண்ணும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் எண்ணி முடித்த பிறகு, முதல் கனவு மனத்தை வறண்டுபோகச் செய்தது. இரண்டாவதோ நெடுநேரம் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. வரும்போது தித்திப்பதை நம்பாமல், போன பிறகு எது நிலைத்திருக்கிறது என்று பார்க்க அவர் கற்றுக்கொண்டார்.

இந்த அனுபவம்தான் பிறகு ஆன்மப் பயிற்சிகள் என்ற நூலாயிற்று. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். மனம் வறண்டு சோர்ந்திருக்கும் நேரத்தில், முன்பு தெளிவான மனத்தோடு எடுத்த முடிவுகளை மாற்ற வேண்டாம் என்று அந்நூலில் அவர் அறிவுறுத்துகிறார். மனம் நிறைந்திருக்கும் நேரத்திலோ, பின்னால் வரப்போகும் வறட்சிக்கு இப்போதே வலிமை சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். சோர்வு வந்தால் எல்லாம் சோர்வாகவே இருக்கும் என்று தோன்றும். மகிழ்ச்சி வந்தால் இனி சோர்வே இல்லை என்று தோன்றும். இரண்டையும் நம்பி முடிவெடுக்காதே என்பதே அவர் தரும் பாடம்.

அன்பர்களே, இதையெல்லாம் நம் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? இன்றைய முதல் வாசகம் வரும் அதே அதிகாரத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அன்றன்று தேவையான மன்னாவை மட்டும் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். மறுநாளுக்குப் பதுக்கியது புழு வைத்து நாறியது. சேமிப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மகிழ்ச்சியை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம் என்பதே பொருள். வீடு கட்டி முடித்த பிறகு, பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு, ரிட்டயர்டு ஆன பிறகு நிம்மதியாக இருப்போம் என்று ஒத்திவைத்த மகிழ்ச்சி பெரும்பாலும் கெட்டுத்தான் போகிறது. இன்று மாலை பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம் இன்றைய மன்னா.

இரண்டாவது, ஒரு ஓமர் அளவு மன்னாவை ஜாடியில் இட்டு, தலைமுறைகளுக்காகப் பாதுகாத்து வைக்கச் சொன்னார். ஏன்? மறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நம் நினைவு நம்மை ஏமாற்றும்; அதற்குச் சாட்சியாக ஒரு ஜாடி தேவை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரிய செய்திகளை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிடத் தங்கள் வாழ்வு குறித்து மனநிறைவோடு இருந்தார்கள். நம் மூதாட்டிகள் இரவுச் செபத்தில் செய்வதும் இதைத்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நன்றியை எழுதுங்கள், கவலையையும் தேதி போட்டு எழுதுங்கள். ஓர் ஆண்டு கழித்து எடுத்துப் படியுங்கள். இது போனால் வாழ்வே இல்லை என்று எழுதியவற்றில் எத்தனையைக் கடந்து வந்துவிட்டோம் என்று அந்த நோட்டே சொல்லும்.

மூன்றாவது, யாரும் தனியாக மன்னா சேர்க்கவில்லை. அதிகம் சேர்த்தவருக்கு மிஞ்சவுமில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவுமில்லை. ஒரு பெரிய முடிவு எடுக்கும் முன், அதே வழியில் போய் வந்தவரைக் கேளுங்கள். ஒருவர் தாமே கற்பனை செய்து பார்ப்பதைவிட, அதை ஏற்கெனவே அனுபவித்தவரின் சொல்லே சரியான கணிப்பைத் தருகிறது என்று கில்பர்ட்டின் இன்னொரு ஆய்வு காட்டியது. வளைகுடாவுக்குப் போகும் முன், ஐந்து ஆண்டு அங்கிருந்து திரும்பிய அண்ணனைக் கேளுங்கள். குழுக்கடன் வாங்கும் முன், வாங்கி அடைத்த அக்காவைக் கேளுங்கள். வேலை போய்விட்டதா? முன்பு வேலை இழந்து எழுந்து நிற்கிறவரைத் தேடிப் போங்கள். நம் அன்பியங்கள் இருப்பது அதற்காகத்தான்.

நற்செய்தியில் மக்கள் படகேறி இயேசுவைத் தேடி வருகிறார்கள். முந்தின நாள் அப்பத்தை வயிறார உண்டவர்கள் அவர்கள். மறுநாளே மறுபடி ஓர் அடையாளம் கேட்கிறார்கள். இயேசு அவர்களுடைய பசியை இழிவாக எண்ணவில்லை. அவரே அவர்களுக்கு உணவளித்தவர். ஆனால் தீர்ந்துபோகும் உணவோடு நின்றுவிடாமல் தம்மிடம் வரச் சொல்கிறார். பழகப் பழகச் சுவை குறைவது பொருள்களின் இயல்பு. பழகப் பழக ஆழமாவது அன்பின் இயல்பு. ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரைக் கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தவறாமல் நற்கருணை வாங்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில், நிறைவிலும் குறைவிலும் மனநிறைவோடு வாழக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அதை அவர் சிறையிலிருந்து எழுதினார். அது பிறவியிலேயே வந்ததாக அவர் சொல்லவில்லை; கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்றுக்கொள்ளக் கூடியது என்றால் நமக்கும் அது கிடைக்கும்.

செபிப்போம்: பாலைநிலத்தில் உம் மக்களைப் பொறுமையோடு நடத்திச் சென்ற ஆண்டவரே, இழந்ததை நினைத்து ஏங்கும் எங்கள் நினைவையும், வருவதை எண்ணி நடுங்கும் எங்கள் கற்பனையையும் உம் கைகளில் ஒப்படைக்கிறோம். வேலை இழந்தோரையும், கடனில் தவிப்போரையும், தாய்மண்ணை விட்டு வந்தோரையும், இந்த இரவைக் கடக்க முடியாது என்று எண்ணி அழுவோரையும் தாங்கியருளும். அவர்களுக்கு அருகில் அமரும் மனத்தை எங்களுக்குத் தாரும். இன்றைய உணவை இன்று எங்களுக்குத் தாரும். அதன் சுவையை உணரும் நாவையும் தாரும். ஆமென்.